குற்றத்தால் பாதிக்கப்பட்டோருக்கு அரசு இழப்பீடு: கள்ளக்குறிச்சி மாவட்டத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

குற்ற வழக்கில் அரசு ஒரு தரப்பாகவும் குற்றம் சாட்டப்பட்டவர் மறு தரப்பாகவும் நிற்க, அடிபட்டவரோ உயிரிழந்தவரின் குடும்பத்தாரோ அரசுத் தரப்புச் சாட்சி என்ற அளவில் மட்டும் நீதிமன்றத்துக்குள் அழைக்கப்படுவது இந்தியக் குற்றவியல் நடைமுறையின் நெடுங்கால வழக்கம். குற்றவாளிக்குத் தண்டனை கிடைத்தால் நீதி நிறைவேறியதாகவும், கிடைக்காவிட்டால் வழக்கு தோற்றதாகவும் கணக்கு முடிக்கப்பட்டது. வைத்தியச் செலவுக்கு விற்ற மாடு, வட்டிக்கு வாங்கிய கடன், வேலைக்குப் போக முடியாமல் இழந்த கூலி, பள்ளியை விட்டு நின்ற பிள்ளை ஆகிய எதுவும் அந்தக் கணக்கில் ஏறவில்லை. குற்றவாளி பிடிபட்டாலும் பிடிபடாவிட்டாலும், பாதிக்கப்பட்டவர் மீண்டும் எழுந்து நிற்கத் தேவையான பணத்தையும் உதவியையும் அரசே தன் நிதியிலிருந்து தரவேண்டும் என்ற கொள்கை 20ஆம் நூற்றாண்டின் நடுவில் உலக அரங்கில் உருப்பெற்று, இந்தியாவில் 2009ஆம் ஆண்டின் இறுதியில்தான் சட்டமாக நடைமுறைக்கு வந்தது. பெண்ணையாற்றங்கரையில் உள்ள மணலூர்பேட்டையிலிருந்து கல்வராயன் மலை வரை விரிந்து கிடக்கும் கள்ளக்குறிச்சி மாவட்டம், அந்தச் சட்டத்தின் வலிமையையும் ஓட்டைகளையும் ஒருசேரக் காட்டும் நிலப்பரப்பாக இருப்பதால், அதை முன்வைத்தே இந்தக் கேள்வியை ஆராய்வது பொருத்தமாகும்.

உயிரிழப்புக்கு ஈடு செய்யும் எண்ணம் இந்த மண்ணுக்குப் புதிதன்று. மணலூர்பேட்டைக்கு வடமேற்கே செங்கம் வட்டாரத்தில் பல்லவர் கால நடுகற்கள் பல கிடைத்துள்ளன. ஊரைக் காத்தும் ஆநிரை மீட்டும் மாண்டவர்களின் நினைவு அவற்றில் காக்கப்பட்டது. போரிலோ பூசலிலோ மாண்டவரின் வழித்தோன்றல்களுக்கு நிலம் வழங்கும் வழக்கத்தை உதிரப்பட்டி, இரத்தக் காணி போன்ற பெயர்களில் கல்வெட்டுகள் பதிவு செய்கின்றன. வேட்டையில் கைத்தவறுதலாக ஒருவரைக் கொன்றவன் கோயிலில் நந்தா விளக்கு எரிக்க ஆடு மாடுகளைக் கொடுக்கவேண்டும் என்று ஊர்ச் சபையார் தீர்த்த செய்திகளும் சோழர் காலக் கல்வெட்டுகளில் உண்டு. உதிரப்பட்டியில் ஈடு குடும்பத்தின் கைக்குப் போய்ச் சேர்ந்தது. விளக்கு அறத்திலோ குற்றம் செய்தவனின் பாவம் தீர்ந்ததே தவிர, இறந்தவனின் மனைவி மக்களுக்கு என்ன கிடைத்தது என்பதைக் கல்வெட்டு சொல்வதில்லை. அபராதம் அரசுக் கருவூலத்துக்குப் போய்விட, பாதிக்கப்பட்டவர் வெறுங்கையோடு நிற்கும் இன்றைய நிலைக்கும் அதற்கும் உள்ள ஒற்றுமை கவனிக்கத் தக்கது.

நவீன காலத்தில் இந்தக் கோரிக்கையை உரத்து எழுப்பியவர்களுள் முதன்மையானவர் இங்கிலாந்தின் சிறைச் சீர்திருத்தவாதி மார்ஜரி ஃபிரை. தண்டனை முறையை மனிதத்தன்மையுடையதாக்க வாழ்நாள் முழுவதும் பாடுபட்ட அவர், 1950களில் பாதிக்கப்பட்டவர்களின் பக்கம் திரும்பி, குற்றத்தைத் தடுக்கும் பொறுப்பை ஏற்றுக்கொண்ட அரசு அதில் தவறும்போது ஏற்படும் இழப்பிலும் பங்கேற்க வேண்டும் என்று வாதிட்டார். 1963இல் நியூசிலாந்து இதற்கெனத் தனிச் சட்டம் இயற்றி உலகில் முதலிடம் பெற்றது. 1964இல் பிரிட்டனும் 1965இல் அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலமும் பின்தொடர்ந்தன. 1985 நவம்பர் 29 அன்று ஐக்கிய நாடுகள் பொதுச்சபை நிறைவேற்றிய பிரகடனம், பாதிக்கப்பட்டோரை மதிப்புடன் நடத்துதல், குற்றவாளியிடமிருந்து ஈடு பெறுதல், அது போதாதபோது அரசு இழப்பீடு, மருத்துவ, உளவியல், சமூக உதவி ஆகிய நான்கையும் ஒரே வரிசையில் வைத்தது. இழப்பீடு என்பது பணத்தோடு முடிவதில்லை என்பதை அந்தப் பிரகடனம் அன்றே தெளிவாக்கிவிட்டது.

இந்தியாவில் 1973ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 357ஆவது பிரிவு, குற்றவாளிக்கு விதிக்கும் அபராதத்திலிருந்து ஒரு பகுதியைப் பாதிக்கப்பட்டவருக்கு வழங்கும் அதிகாரத்தை நீதிமன்றத்துக்குத் தந்திருந்தது. குற்றவாளி பிடிபட்டு, வழக்கு நிரூபணமாகி, அவரிடம் பணமும் இருந்தால்தான் அந்தப் பிரிவு பயன்படும் என்பதால் அது பெரும்பாலும் ஏட்டளவிலேயே நின்றது. அரசே குற்றம் இழைத்த இடங்களில் உச்ச நீதிமன்றம் வேறு வழி திறந்தது. விடுதலை செய்யப்பட்ட பிறகும் 14 ஆண்டுகள் பீகார்ச் சிறையில் அடைபட்டுக் கிடந்த ருதுல் சாவுக்கு 1983இல் இழப்பீடு வழங்கியும், ஒடிசாவில் காவலில் இறந்த இளைஞரின் தாய் நீலபதி பெஹராவின் வழக்கில் 1993இல் அரசைப் பொறுப்பாக்கியும், அடிப்படை உரிமை மீறலுக்குப் பணத்தால் ஈடு செய்வது அரசின் கடமை என்று அது நிலைநாட்டியது. தமிழ்நாட்டுக்கு இதில் பெருமைக்குரிய இடமொன்று உண்டு. குற்றவியல் துறைப் பேராசிரியராக விளங்கிய கு. சொக்கலிங்கம் போன்றோர் பாதிக்கப்பட்டோரியல் என்ற துறையை இங்கே வளர்த்தெடுக்க, நாடு தழுவிய சட்டம் வருவதற்குப் பல ஆண்டுகள் முன்னரே, 1995இல், பாதிக்கப்பட்டோருக்கான உதவி நிதி ஒன்றைத் தமிழ்நாடு அரசு ஏற்படுத்தியது.

1996இல் சட்ட ஆணையத்தின் 154ஆவது அறிக்கையும் 2003இல் நீதிபதி மலிமத் குழுவும் அரசு இழப்பீட்டை வலியுறுத்திய பிறகு, 2008ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம் 357ஏ என்ற பிரிவைச் சேர்த்தது. அது 2009 டிசம்பர் 31 முதல் நடைமுறைக்கு வந்தது. 2024 ஜூலை 1 முதல் பழைய சட்டத்தின் இடத்தைப் பிடித்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் அதே ஏற்பாடு 396ஆவது பிரிவாக இடம்பெற்றுள்ளது. ஒவ்வொரு மாநிலமும் இழப்பீட்டுத் திட்டம் ஒன்றை வகுத்து நிதி ஒதுக்கவேண்டும். எவ்வளவு தரலாம் என்பதை மாவட்ட அல்லது மாநிலச் சட்டப் பணிகள் ஆணைக் குழு, அதாவது ஏழைகளுக்கு இலவசச் சட்ட உதவி வழங்க அமைக்கப்பட்டு நீதிபதிகளின் தலைமையில் இயங்கும் அமைப்பு, தீர்மானிக்க வேண்டும். விசாரணை நீதிமன்றம் பரிந்துரைக்கலாம். குற்றம் சாட்டப்பட்டவர் விடுதலையாகிவிட்டாலும்கூட, பாதிக்கப்பட்டவருக்கு மறுவாழ்வு தேவை என்று கண்டால் பரிந்துரைக்கலாம். குற்றவாளி யாரென்றே தெரியாத வழக்கில் பாதிக்கப்பட்டவர் நேரடியாக ஆணைக் குழுவிடம் மனு கொடுக்கலாம். ஆணைக் குழு இரண்டு மாதத்துக்குள் விசாரித்து முடிக்கவேண்டும். காவல் நிலையப் பொறுப்பு அதிகாரியோ நடுவரோ சான்று அளித்தால் உடனடி முதலுதவிக்கும் சிகிச்சைக்கும் உத்தரவிடலாம். அடுத்த பிரிவான 397, அமில வீச்சுக்கும் பாலியல் வன்முறைக்கும் ஆளானவருக்கு அரசு மருத்துவமனை, தனியார் மருத்துவமனை என்ற வேறுபாடின்றி இலவச முதலுதவி தரவேண்டும் என்கிறது. மறுக்கும் மருத்துவமனையின் பொறுப்பாளருக்கு ஓராண்டு வரை சிறைத்தண்டனை உண்டு.

357ஏ பிரிவின் கீழ்த் தமிழ்நாடு தன் திட்டத்தை 2013இல் வகுத்தது. அதே ஆண்டு லட்சுமி வழக்கில் உச்ச நீதிமன்றம் அமில வீச்சுக்கு ஆளானவருக்குக் குறைந்தது ரூ.3 லட்சம் என்றும், அதில் ரூ.1 லட்சத்தை 15 நாட்களில் தரவேண்டும் என்றும் ஆணையிட்டது. அங்குஷ் சிவாஜி கெய்க்வாட் வழக்கிலோ, இழப்பீடு பற்றி மனம் செலுத்திப் பார்ப்பது ஒவ்வொரு குற்றவியல் நீதிமன்றத்தின் கட்டாயக் கடமை என்றது. மாநிலத்துக்கு மாநிலம் தொகை மாறியதைக் கண்டு, நிபுன் சக்சேனா வழக்கின் வழியாக, தேசியச் சட்டப் பணிகள் ஆணைக் குழு வகுத்த பெண்களுக்கான திட்டத்தை உச்ச நீதிமன்றம் 2018 மே மாதம் ஏற்றுக்கொண்டது. உயிரிழப்புக்கும் கூட்டு வன்புணர்ச்சிக்கும் ரூ.5 லட்சம் முதல் ரூ.10 லட்சம் வரை, வன்புணர்ச்சிக்கு ரூ.4 லட்சம் முதல் ரூ.7 லட்சம் வரை என அதன் அட்டவணை செல்கிறது. வழங்கும் தொகையில் 75 விழுக்காட்டைக் குறைந்தது மூன்று ஆண்டு வைப்புநிதியில் போட்டு, மீதி 25 விழுக்காட்டை மட்டும் கையில் தரவேண்டும் என்ற விதியும் உண்டு. உறவினர் கையில் பணம் கரைந்துவிடாமல் காக்கும் நல்லெண்ணம் இதில் தெரிந்தாலும், ஏற்கெனவே கந்துவட்டிக்குக் கடன் வாங்கிவிட்ட ஒரு குடும்பத்துக்குக் கால் பங்கு பணம் கடனை அடைக்கவே போதாது என்பதும் உண்மை.

இந்த ஒரு வாசல் மட்டும் இருந்திருந்தால் ஆய்வு எளிதாக முடிந்திருக்கும். பட்டியல் சாதியினர், பழங்குடியினர் மீதான வன்கொடுமைக்குத் தனி வாசல். குழந்தைகள் மீதான பாலியல் குற்றத்துக்குத் தனி வாசல். கொத்தடிமையாக வைக்கப்பட்டவருக்குத் தனி வாசல். வாகனம் மோதிவிட்டு நிற்காமல் போன விபத்துக்குத் தனி வாசல். ஒவ்வொன்றுக்கும் வேறு நிதி, வேறு அதிகாரி, வேறு காலக்கெடு, வேறு காகிதங்கள். பாதிக்கப்பட்டவருக்குக் கிடைக்கும் தொகையும் அது கைக்கு வரும் நாளும், அவருக்கு நேர்ந்த இழப்பின் அளவைக் காட்டிலும், அவர் எந்த வாசலில் போய் நின்றார் என்பதைச் சார்ந்து மாறுகின்றன. தமிழ்நாட்டில் இழப்பீட்டு ஏற்பாட்டின் முதன்மையான குறை இதுவே.

இவற்றுள் மிகத் தெளிவாக வகுக்கப்பட்டது வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் வழங்கப்படும் தீருதவி. 1989ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 1995இல் இயற்றப்பட்டு 2016இல் திருத்தப்பட்ட விதிகள், குற்றத்தின் தன்மைக்கேற்ப ரூ.85,000 முதல் ரூ.8,25,000 வரை தொகையை நிர்ணயித்தன. தமிழ்நாடு அதை ரூ.1 லட்சம் முதல் ரூ.12 லட்சம் வரை உயர்த்தியது. நீதிமன்றத் தீர்ப்புக்காகக் காத்திராமல், வழக்கின் படிகளோடு பணமும் நடக்கும்படி அமைத்திருப்பதே இதன் சிறப்பு: கொலை வழக்கில் பிரேதப் பரிசோதனை முடிந்ததும் பாதித் தொகை, குற்றப்பத்திரிகை நீதிமன்றத்துக்குப் போனதும் மறு பாதி. ஏழு நாட்களுக்குள் நிவாரணம் வழங்க நிர்வாகம் ஏற்பாடு செய்யவேண்டும் என்றும், இறந்தவரின் மனைவிக்கோ சார்ந்து வாழ்வோருக்கோ மாத ஓய்வூதியம், குடும்பத்தில் ஒருவருக்கு வேலை, தேவையானால் வீடும் நிலமும் தரவேண்டும் என்றும் விதிகள் கூறுகின்றன. பாதிக்கப்பட்டவர் மனு கொடுத்துக் கெஞ்சத் தேவையில்லை. தொடங்கவேண்டிய பொறுப்பு மாவட்ட ஆட்சியரிடம் இருக்கிறது. நடைமுறையில் தாமதங்கள் இருந்தாலும், சட்டம் பொறுப்பை யார் தலையில் வைத்திருக்கிறது என்பது மிக முக்கியமானது.

கொத்தடிமை மறுவாழ்வுத் திட்டம் இதற்கு நேர்மாறானது. செங்கல் சூளையிலும் அரிசி ஆலையிலும் கரும்பு வெட்டிலும் முன்பணத்துக்காகக் குடும்பத்தோடு கட்டுண்டு கிடந்தவர்களை மீட்டால், 2016ஆம் ஆண்டின் மத்திய அரசுத் திட்டப்படி ஆணுக்கு ரூ.1 லட்சம், பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் ரூ.2 லட்சம், பாலியல் சுரண்டல், ஆள் கடத்தல் போன்ற கொடிய நிலைகளில் ரூ.3 லட்சம் என்று தொகைகள் உண்டு. ஆனால் கோட்டாட்சியர் தரும் விடுவிப்புச் சான்றிதழ் இல்லாமல் எதுவும் நகராது. உடனடி உதவியாக ஒரு சிறு தொகை தவிர, முழுத் தொகை வழக்கு விசாரணையின் போக்கோடு பிணைக்கப்பட்டிருக்கிறது. சாட்சி சொல்ல வேண்டிய தொழிலாளியோ பிழைப்புக்காக அடுத்த சூளைக்கு முன்பணம் வாங்கிக்கொண்டு போய்விடுகிறார். ஏழையின் பசி வழக்கு முடியும் வரை காத்திருக்காது என்பதைத் திட்டம் வகுத்தவர்கள் கணக்கில் கொள்ளவில்லை.

இந்த எல்லா வாசல்களுக்கும் வெளியே, சட்ட அட்டவணை எதிலும் அடங்காமல், முதலமைச்சரின் பொது நிவாரண நிதி என்ற இன்னொன்று இருக்கிறது. அதன் வேகத்தைக் கள்ளக்குறிச்சி மாவட்டம் 2024இல் கண்கூடாகக் கண்டது. ஜூன் 18, 19 தேதிகளில் கள்ளக்குறிச்சி நகரின் கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த விஷச் சாராயம் குடித்து மக்கள் கொத்துக் கொத்தாகச் சாய, கள்ளக்குறிச்சி, சேலம், விழுப்புரம், புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனைகளில் 65க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். ஓரிரு நாட்களுக்குள் இறந்தவர் குடும்பத்துக்குத் தலா ரூ.10 லட்சமும் சிகிச்சை பெறுவோருக்கு ரூ.50,000மும் அறிவிக்கப்பட்டன. அதைவிடப் பாராட்டத் தக்கது குழந்தைகளுக்கான ஏற்பாடு: தாய் தந்தை இருவரையும் இழந்தோருக்கு 18 வயது வரை மாதம் ரூ.5,000, அவர்கள் பெயரில் ரூ.5 லட்சம் வைப்புநிதி, ஒருவரை இழந்தோருக்கு ரூ.3 லட்சம் வைப்புநிதி, பட்டப்படிப்பு வரை கல்விச் செலவும் விடுதிச் செலவும் அரசின் பொறுப்பு. ஓய்வுபெற்ற நீதிபதி பி. கோகுல்தாஸ் தலைமையில் ஒரு நபர் ஆணையம் அமைக்கப்பட்டது. வழக்கை நவம்பர் 2024இல் சென்னை உயர் நீதிமன்றம் சிபிஐக்கு மாற்றியது.

சாராயம் குடித்துச் செத்தவர்களுக்கு ரூ.10 லட்சமா என்ற கேள்வி டீக்கடையிலிருந்து உயர் நீதிமன்றம் வரை எழுந்தது. அந்தத் தொகையை எதிர்த்துப் பொதுநல வழக்கும் தொடரப்பட்டது. கேள்வியின் வேகத்தில் இரு உண்மைகள் மறைந்துபோயின. முதலாவது, விஷத்தைச் சாராயம் என்று விற்றவர்கள் செய்தது கொலைக்கு நிகரான குற்றம். அதில் இறந்தவரின் மனைவியும் மக்களும் எந்தச் சட்ட வரையறையின்படி பார்த்தாலும் பாதிக்கப்பட்டோரே. சட்டம் சட்டபூர்வ வாரிசையும் அந்த வரையறைக்குள் வெளிப்படையாகச் சேர்த்திருக்கிறது. மேலும், நகரின் நடுவில் நடந்த விற்பனையைத் தடுக்கத் தவறிய அரசு இழப்பில் பங்கேற்பது மார்ஜரி ஃபிரை சொன்ன தத்துவத்துக்கு முற்றும் பொருந்தும். இரண்டாவது, கருணாபுரத்துக் குடும்பங்களுக்குக் கிடைத்தது மிகுதி என்பதைவிட, தனித்தனியே கொலையுண்டு செய்தியாகாமல் போனவர்களின் குடும்பங்களுக்குக் கிடைப்பது மிகக் குறைவு என்பதே பொருத்தமான முறையீடு. ஒரே இரவில் ஒரே தெருவில் பலர் இறந்தால் அமைச்சர்கள் வருகிறார்கள்; அதே எண்ணிக்கையில் மக்கள் ஓராண்டு முழுவதும் ஊருக்கு ஒருவராக வெட்டுப்பட்டும் எரிக்கப்பட்டும் இறந்தால் யாரும் வருவதில்லை. பொது நிவாரண நிதியிலிருந்து வருவது கருணைத் தொகை. அதைக் கேட்டு வழக்குத் தொடுக்க முடியாது, குறைந்தால் மேல்முறையீடு இல்லை, அடுத்த முறை அதே தொகை வரும் என்ற உறுதியும் இல்லை.

தனியொருவராகப் பாதிக்கப்படுபவரின் பாதை எத்தகையது என்பதை மணலூர்பேட்டையிலிருந்து தொடங்கிப் பார்க்கலாம். தை மாதம் ஐந்தாம் நாள் ஆற்றுத் திருவிழாவுக்குத் திருவண்ணாமலையிலிருந்து அண்ணாமலையார் எழுந்தருளிப் பெண்ணையாற்றில் தீர்த்தவாரி காணும் ஊர் இது. பேரூராட்சியும் காவல் நிலையமும் உண்டு. இங்கு ஒருவர் அரிவாள் வெட்டுப்பட்டால், காயத்தின் கடுமையைப் பொறுத்து திருக்கோவிலூர் அரசு மருத்துவமனைக்கோ, கள்ளக்குறிச்சியைக் காட்டிலும் அருகிலிருக்கும் திருவண்ணாமலைக்கோ கொண்டுபோகப்படுவது இயல்பு. திருவண்ணாமலை வேறு மாவட்டம். அங்குள்ள மருத்துவமனையின் விபத்துப் பதிவேட்டில் எழுதப்படும் குறிப்பும், பின்னர் தரப்படும் காயச் சான்றும் இங்குள்ள வழக்குக் கட்டுக்கு வந்து சேரவேண்டும். புகார் கொடுக்கும் நாளில் நிலையத்தில் முதல் தகவல் அறிக்கை பதியப்படாமல் சி.எஸ்.ஆர். எனப்படும் மனு ரசீது மட்டும் தரப்படுவது தமிழ்நாட்டுக் காவல் நிலையங்களில் பரவலாகக் காணப்படும் வழக்கம். ரசீதை வாங்கிய ஏழைக் குடும்பம் வழக்குப் பதிவாகிவிட்டது என்று நம்பி வீடு திரும்புகிறது. ஆனால் இழப்பீட்டு மனுவுக்கு அடிப்படைக் காகிதம் எஃப்.ஐ.ஆர். எனப்படும் அந்த முதல் தகவல் அறிக்கையின் நகல்தான். அதன் பிறகு காயச் சான்று அல்லது பிரேதப் பரிசோதனை அறிக்கை, இறப்பு நேர்ந்திருந்தால் வட்டாட்சியர் தரும் வாரிசுச் சான்று, ஆதார், வங்கிக் கணக்குப் புத்தகம், வருமானச் சான்று என்று ஒவ்வொன்றாகச் சேர்க்கவேண்டும்.

வாரிசுச் சான்று என்ற ஒற்றைக் காகிதத்தை எடுத்துக்கொண்டாலே சிக்கலின் ஆழம் புரியும். இ-சேவை மையத்தில் விண்ணப்பித்து, கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர் ஆகியோரின் விசாரணை முடிந்து, வட்டாட்சியர் ஒப்பமிட்ட பிறகே அது கைக்கு வரும். கொலையான கணவரின் உடலை அடக்கம் செய்துவிட்டு, மாமனார் வீட்டாரோடு மனக்கசப்பும் இருந்து, கையில் ஆறு மாதக் குழந்தையும் உள்ள ஒரு பெண், இந்தப் படிகளை எல்லாம் ஏறி இறங்கி முடித்து, சட்டப் பணிகள் ஆணைக் குழுவின் அலுவலகம் எங்கே இருக்கிறது என்று விசாரித்துப் போகவேண்டும் என்று நடைமுறை எதிர்பார்க்கிறது. 2019 நவம்பர் 26 அன்று கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாகத் தொடங்கப்படும் வரை எல்லாவற்றுக்கும் விழுப்புரம் போகவேண்டியிருந்த இந்தப் பகுதி மக்களுக்கு, எந்த அலுவலகம் எந்த ஊரில் என்பதே ஒரு குழப்பம். திருக்கோவிலூர் நீதிமன்ற வளாகத்தில் இயங்கும் வட்டச் சட்டப் பணிகள் குழுவை அணுகலாம், 15100 என்ற எண்ணில் இலவசச் சட்ட உதவி கேட்கலாம் என்பதெல்லாம் அறிந்தவர்களுக்கு மட்டுமே பயன்படும் செய்திகள்.

மலை மேல் நிலைமை இதைவிடக் கடினம். 1976 வரை ஜாகீர்தார்களின் பிடியில் இருந்த கல்வராயன் மலையில் வாழ்பவர்களுள் மிகப் பெரும்பாலோர் மலையாளிப் பழங்குடியினர். கருணாபுரம் சாவுகளுக்குப் பிறகு மலையின் பின்தங்கிய நிலையைச் சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்காக எடுத்துக்கொண்டு, முதலமைச்சரோ அமைச்சரோ நேரில் சென்று பார்க்கும்படி கூறும் அளவுக்குச் சாலை, மருத்துவம், பள்ளி ஆகியவற்றில் குறைகள் இருந்தன. மலைவாசி ஒருவர் மீது சமவெளிக்காரர் வன்கொடுமை இழைத்தால் தீருதவி பெறும் உரிமை உண்டு. ஆனால் அதற்குப் பழங்குடிச் சாதிச் சான்று வேண்டும். பட்டியல் சாதியினருக்கு வட்டாட்சியரே சான்று தர, பழங்குடியினருக்கோ கோட்டாட்சியர் தரவேண்டும் என்ற ஏற்பாட்டால், பல குடும்பங்கள் பிள்ளைகளின் படிப்புக்கே ஆண்டுக்கணக்கில் சான்றுக்காக அலைகின்றன. ஏழு நாட்களில் தரவேண்டிய தீருதவி, ஏழு மாதத்திலும் கிடைக்காத ஒரு சான்றிதழுக்காகக் காத்து நிற்பதற்கு அரசைத் தவிர வேறு யாரும் பொறுப்பாக முடியாது.

அதே மலையாளிப் பழங்குடியினர் வாழும் வாச்சாத்தி, இழப்பீடு எவ்வளவு நீண்ட காலம் எடுக்கக்கூடும் என்பதற்குத் தமிழ்நாட்டின் அழியாத சான்று. 1992 ஜூன் 20 அன்று சந்தனக்கட்டைச் சோதனை என்ற பெயரில் வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஊழியர்கள் தர்மபுரி மாவட்டத்தின் அந்தச் சிற்றூருக்குள் புகுந்து, வீடுகளைச் சூறையாடி, 18 பெண்களை வன்புணர்ச்சிக்கு உள்ளாக்கினர். 2011 செப்டம்பரில் குற்றம் சாட்டப்பட்ட 269 பேருள் உயிரோடிருந்த 215 பேரும் தண்டிக்கப்பட்டனர். 2023 செப்டம்பர் 29 அன்று சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி பி. வேல்முருகன் அந்தத் தண்டனையை உறுதிசெய்து, 18 பெண்களுக்கும் தலா ரூ.10 லட்சம் தரவேண்டும் என்றும், அதில் பாதியைக் குற்றவாளிகளிடமிருந்து வசூலிக்கவேண்டும் என்றும் ஆணையிட்டார். சம்பவத்துக்கும் ஆணைக்கும் இடையே 31 ஆண்டுகள் ஓடிவிட்டன. அரசின் கருவூலத்திலிருந்து மட்டும் பணம் போனால் குற்றமிழைத்த அலுவலருக்கு எந்த வலியும் இராது என்பதை உணர்ந்து, பாதியை அவர்களிடமே வசூலிக்கச் சொன்னது இந்தத் தீர்ப்பின் தனிச்சிறப்பு.

மணலூர்பேட்டைக்கு மிக அருகில், திருக்கோவிலூர்ப் பகுதியில், 2011 நவம்பர் 22 இரவில் இருளர் பெண்கள் நால்வர் காவலர்களால் வன்கொடுமைக்கு உள்ளாக்கப்பட்டதாக எழுந்த புகாரைப் பழங்குடி இருளர் பாதுகாப்புச் சங்கம் வெளிக்கொண்டுவந்தது; அந்தப் பெண்களுக்குத் தலா ரூ.5 லட்சம் அரசால் வழங்கப்பட்டது. பாலியல் குற்றத்தால் பாதிக்கப்பட்டோரின் அடையாளத்தை வெளியிடுவதைப் பாரதிய நியாய சன்ஹிதாவின் 72ஆவது பிரிவு தடை செய்வதால் அவர்களின் ஊரும் பேரும் இங்கே தவிர்க்கப்படுகின்றன. இத்தகைய வழக்குகளில் உரிய காலத்தில் வழங்கும் பணம் சாட்சியையும் காக்கிறது என்பது கவனிக்க வேண்டியது. அன்றாடக் கூலியை நம்பி வாழும் குடும்பத்துக்கு எதிர்த்தரப்பு சமாதானம் பேசி நீட்டும் சில ஆயிரங்கள் மிகப் பெரிதாகத் தெரியும். சட்டப்படி வரவேண்டிய இடைக்கால இழப்பீடு முன்னதாக வந்துவிட்டால், பிறழ் சாட்சியாக மாறவேண்டிய கட்டாயம் பெருமளவு குறையும். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தின் 2020ஆம் ஆண்டு விதிகள், சிறப்பு நீதிமன்றம் வழக்கின் எந்தக் கட்டத்திலும் இடைக்கால இழப்பீட்டுக்கு உத்தரவிடலாம் என்றும், உத்தரவு கிடைத்த 30 நாட்களில் பணம் தரப்படவேண்டும் என்றும் கூறுவதன் உட்பொருளும் இதுதான்.

இந்த உரிமைகள் ஏன் மக்களின் புழக்கத்துக்கு வரவில்லை என்பதற்கு மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டோடு ஒப்பிட்டால் விடை கிடைக்கும். சாலை விபத்தில் ஒருவர் இறந்தால் கேஸ் போட்டால் பணம் வரும் என்பது எந்தக் குக்கிராமத்திலும் தெரியும். மருத்துவமனை வாசலுக்கே ஆள் வந்து வக்காலத்தில் கையெழுத்து வாங்குகிறார்கள். அந்தத் தொழிலின் கேடுகள் பல. எனினும் வழக்கறிஞருக்கு வருமானம் இருப்பதால் தகவல் வீடு தேடி வருகிறது. குற்றத்தால் பாதிக்கப்பட்டோர் இழப்பீட்டில் அப்படி இடையில் நின்று பயன்பெறுபவர் எவரும் இல்லை. ஆகவே சொல்லுவாரும் இல்லை. வாகனம் மோதிவிட்டுத் தப்பிய வழக்குகளில்கூட, வண்டி எண் தெரியாவிட்டால் ஒன்றும் கிடைக்காது என்றே பலரும் நம்புகின்றனர். ஆனால் 2022 ஏப்ரல் முதல் அத்தகைய இறப்புக்கு ரூ.2 லட்சமும் கொடுங்காயத்துக்கு ரூ.50,000மும் அரசுத் திட்டத்தில் உண்டு.

பணத்துக்கு அப்பாற்பட்ட உதவியில் நிலைமை இன்னும் மெலிந்தது. ஒருங்கிணைந்த சேவை மையங்கள் பெண்களுக்குத் தங்குமிடம், ஆலோசனை, சட்ட உதவி ஆகியவற்றை ஒரே கூரையின் கீழ்த் தர முயல்கின்றன. பெண்களுக்கான 181, குழந்தைகளுக்கான 1098 என்ற உதவி எண்கள் இயங்குகின்றன. ஆனால் கொலையான ஆணின் குடும்பத்துக்கோ வெட்டுப்பட்டுக் கையிழந்த தொழிலாளிக்கோ அத்தகைய ஒரு கூரை எங்கும் இல்லை. விசாரணையின் முன்னேற்றத்தை 90 நாட்களுக்குள் பாதிக்கப்பட்டவருக்குத் தெரிவிக்கவேண்டும் என்று புதிய நடைமுறைச் சட்டம் காவல்துறைக்கு விதித்திருப்பது நல்ல தொடக்கம்.

அயல்நாட்டு அனுபவங்களுள் நமக்கு மிகவும் பயன்படுவது நியூசிலாந்துடையதே. குற்றத்துக்கெனத் தனி இழப்பீட்டுச் சட்டத்தை முதலில் இயற்றிய அந்நாடு, 1974 முதல் குற்றம், விபத்து என்ற பிரிவினையையே அகற்றி, உடற்காயம் எதனால் நேர்ந்தாலும் ஒரே பொது நிறுவனம் ஈடு செய்யும் முறைக்கு மாறியது. சிகிச்சை அளிக்கும் மருத்துவரே நோயாளியின் சார்பில் கோரிக்கையைப் பதிவு செய்கிறார். அமெரிக்காவில் 1984இல் அமைந்த நிதி, குற்றவாளிகள் செலுத்தும் அபராதத்தால் நிரம்புகிறது. அபராத வரவு குறையும் ஆண்டுகளில் நிதியும் வற்றிவிடுவது அதன் குறை. இலங்கை 2015இல் பாதிக்கப்பட்டோருக்கும் சாட்சிகளுக்கும் சேர்த்து ஒரே சட்டம் இயற்றித் தேசிய அதிகார சபை ஒன்றை அமைத்து, 2023இல் அதைப் புதுப்பித்தது. பாதிக்கப்பட்டவரே பெரும்பாலும் முதன்மைச் சாட்சி என்பதால் இந்த இணைப்பு அறிவார்ந்தது.

தமிழ்நாட்டில் எல்லாத் திட்டங்களையும் கலைத்து ஒன்றாக்குவது உடனே நடக்கக்கூடியது அன்று. வன்கொடுமைத் தீருதவியின் தனித்தன்மையைக் கரைத்துவிடுவது விரும்பத் தக்கதும் அன்று. சாதிக் கொடுமைக்கென அமைந்த சிறப்பு உரிமை அப்படியே நிற்கவேண்டும். ஆனால் தொடங்கும் பொறுப்பைப் பாதிக்கப்பட்டவரின் தோளிலிருந்து அலுவலகத்தின் தோளுக்கு மாற்றுவதற்குப் புதிய சட்டம் தேவையில்லை. கொலை, கொடுங்காயம், பாலியல் குற்றம், அமில வீச்சு ஆகியவற்றில் முதல் தகவல் அறிக்கை பதியப்பட்ட அன்றே அதன் நகலொன்று நடுவருக்குப் போவதைப் போல மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக் குழுவுக்கும் போகலாம். அந்த நாளிலிருந்தே இரண்டு மாத விசாரணைக் கெடுவைக் கணக்கிடலாம். வாரிசுச் சான்றையும் பழங்குடிச் சான்றையும் மனுதாரரிடம் கேட்பதற்குப் பதிலாக ஆணைக் குழுவே வட்டாட்சியரிடமும் கோட்டாட்சியரிடமும் நேரடியாகக் கேட்டுப் பெறலாம். மணலூர்பேட்டை போன்ற காவல் நிலையங்களுக்கும் கல்வராயன் மலையிலுள்ள வெள்ளிமலைக்கும் வாரம் ஒரு நாளாவது சட்டத் தன்னார்வலர் ஒருவர் போய், சி.எஸ்.ஆர். ரசீதோடு திரும்பும் குடும்பங்களைச் சந்திக்கலாம். கருணாபுரத்துக் குழந்தைகளுக்கு மாதந்தோறும் ரூ.5,000 என்று வகுத்த ஏற்பாட்டை, குற்றத்தால் பெற்றோரை இழந்த எல்லாக் குழந்தைகளுக்கும் திட்டத்தின் விதியாகவே எழுதிவைத்தால், அந்தக் குழந்தைகள் எவரது அறிவிப்பையும் எதிர்பார்த்திருக்காமல் அதைத் தங்கள் உரிமையாகக் கேட்டுப் பெறமுடியும்.